ஓர் எலிப் படமும் ஒரு பொய்ச் சாட்சியும்: பல்கலைக்கழகங்களில் ஏஐ, ஒரு நிகழ்வு ஆய்வு

2024 பிப்ரவரி 13 அன்று 'ஃபிரான்டியர்ஸ் இன் செல் அண்ட் டெவலப்மென்டல் பயாலஜி' என்ற ஆய்விதழில் ஒரு மீளாய்வுக் கட்டுரை வெளியானது. விந்தணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்களுக்கும் ஜாக்–ஸ்டாட் எனப்படும் செல் சமிக்ஞைப் பாதைக்கும் உள்ள தொடர்பு பற்றியது. முதல் படத்தில் ஓர் எலி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் பிறப்புறுப்பு அதன் உடலைவிடப் பெரிது. விதைகளின் எண்ணிக்கையும் இயற்கைக்கு ஒத்துவரவில்லை. பாகங்களைச் சுட்டி எழுதியிருந்த பெயர்களைப் படித்தால் 'டெஸ்ட்டோம்செல்ஸ்', 'டிசிகே' என்று போகிறது. எந்த மொழியிலும் அப்படிச் சொற்கள் கிடையாது. சமூக ஊடகங்களில் படம் பரவியது. 16ஆம் தேதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

சிரித்துவிட்டுக் கடந்துபோனவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. படங்கள் மிட்ஜர்னி என்ற ஏஐ பட உருவாக்கியைக் கொண்டு உருவாக்கப்பட்டவை என்று கட்டுரையிலேயே எழுதியிருந்தது. யாரும் எதையும் மறைக்கவில்லை. அந்தப் பதிப்பகத்தின் விதி ஏஐ பயன்பாட்டை அனுமதித்தது. பயன்படுத்தினால் அறிவிக்க வேண்டும், உண்மைத்தன்மையைச் சரிபார்ப்பது ஆசிரியரின் பொறுப்பு என்றும் சொன்னது. விதியின் முதல் பாதி நிறைவேறியது. இரண்டாம் பாதியை நிறைவேற்றினார்களா என்று கேட்க யாரும் இல்லை.

பல்கலைக்கழகங்களில் இன்று எழுதப்படும் ஏஐ கொள்கைகளில் பெரும்பாலானவை இந்த முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. 'பயன்படுத்தினால் தெரிவிக்கவும்' என்று ஒரு வரி, கீழே ஒரு கையெழுத்து. அதனால்தான் இந்த எலியை எடுத்துக்கொள்கிறோம். அறிவிப்பு மட்டும் இருந்து சரிபார்ப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான மாதிரி கிடைக்காது.

சங்கிலி எங்கே அறுந்தது

பதிப்பகம் பின்னர் தந்த விளக்கத்தின்படி, மதிப்பாய்வாளர்களில் ஒருவர் படங்களைப் பற்றி நியாயமான கேள்வி எழுப்பித் திருத்தம் கேட்டிருந்தார். ஆசிரியர்கள் பதில் தரவில்லை. பதில் வராமலேயே கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. இன்னொரு மதிப்பாய்வாளர், தாம் அறிவியல் உள்ளடக்கத்தை மட்டுமே பார்த்ததாகவும், ஏஐ படங்களை வெளியிடலாமா என்பதை முடிவுசெய்ய வேண்டியது இதழே என்றும் ஊடகத்திடம் சொன்னார்.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொண்டதாகத் தெரியவில்லை. ஆசிரியர்கள் அறிவித்துவிட்டார்கள், எனவே தம் கடமை முடிந்தது. ஒரு மதிப்பாய்வாளர் கேட்டுவிட்டார், எனவே அவர் கடமையும் முடிந்தது. இன்னொருவருக்குப் படம் தன் வேலையே இல்லை. இதழின் நடைமுறையில், கேட்ட திருத்தம் வந்ததா என்று பார்க்கும் கட்டம் வேலை செய்யவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்ப்பார் என்று நம்பிய இடைவெளியில் எலி நுழைந்துவிட்டது.

தப்புக் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் ஆய்வுக் குழுக்களிலும் இதே கதைதான் நடக்கிறது. முனைவர் பட்ட மாணவர் வரைவின் ஒரு பகுதியை ஏஐயிடம் எழுதி வாங்குகிறார். நெறியாளர் பார்ப்பார் என்று நினைக்கிறார். நெறியாளரோ மாணவர் பார்த்திருப்பார் என்று நினைக்கிறார். இணை ஆசிரியர்களுக்கு இறுதிப் பிரதி வருவது சமர்ப்பிப்பதற்கு முந்தைய நாள் இரவு. 2024 மார்ச்சில் ஒரு ஆய்விதழ்க் கட்டுரையின் முன்னுரை 'நிச்சயமாக, உங்கள் தலைப்புக்கான ஒரு முன்னுரை இதோ' என்று பொருள்படும் சாட்ஜிபிடி வாக்கியத்தோடேயே தொடங்கியது. முதல் வரி! ஆசிரியர்கள், மதிப்பாய்வாளர்கள், மெய்ப்புத் திருத்துபவர்கள் என்று அத்தனை பேரையும் தாண்டி அது அச்சேறியது.

படம் ஏன் அப்படி வந்தது

மிட்ஜர்னி போன்ற கருவிகள் படத்தை 'டிஃப்யூஷன்' முறையில் உருவாக்குகின்றன. வெறும் இரைச்சல் புள்ளிகளில் தொடங்கி, கொடுத்த வருணனைக்குப் பொருத்தமான தோற்றம் வரும்வரை படிப்படியாக இரைச்சலை நீக்குகின்றன. பயிற்சியில் பார்த்த பாடநூல் வரைபடங்களின் 'தோரணை' அவற்றுக்குத் தெரியும்: நடுவில் உறுப்பு, பக்கத்தில் பெரிதாக்கிய வட்டம், அம்புக்குறி, அதன் முனையில் ஏதோ எழுத்து. அந்த எழுத்து ஒரு சொல் என்பதோ, அம்பு தொடும் பாகத்தின் பெயர் அது என்பதோ தெரியாது. எழுத்தும் அதற்கு ஒரு வடிவம்தான், எலியின் மீசையைப் போல.

இப்போது வரும் புதிய ஏஐ மாதிரிகள் எழுத்துக்கூட்டலை நன்றாகவே கற்றுவிட்டன. அது நல்ல செய்தி என்று தோன்றும். நம் பார்வையில் அதுதான் பெரிய கவலை. பெயர் சரியாக இருந்து அம்பு தவறான பாகத்தைச் சுட்டினால், துறை அறிந்தவர் நின்று நிதானமாகப் பார்த்தால் மட்டுமே பிழை தெரியும். உளறல் எழுத்து ஓர் எச்சரிக்கை மணியாகவாவது இருந்தது. அந்த மணியும் இனி அடிக்காது.

ஆகவே செயல்முறையையோ உடற்கூறையோ காட்டும் படங்களுக்கு ஏஐ பட உருவாக்கிகள் வேண்டாம் என்பதே நம் பரிந்துரை. திசையன் வரைகலை மென்பொருளில் கையால் வரையலாம். அல்லது வரைபடத்துக்கான நிரலை மட்டும் ஏஐயிடம் எழுதி வாங்கி, ஒவ்வொரு பெயரையும் அம்பையும் நாமே திருத்தலாம். நிரலில் பிழை இருந்தால் எந்த வரி என்று காட்ட முடியும். புள்ளிகளால் ஆன படத்தில் காட்ட முடியாது. நுண்ணோக்கிப் படம், ஜெல் படம் போன்ற ஆய்வுத் தரவுகளை 'மெருகேற்ற' ஏஐயைத் தொடவே கூடாது. கூர்மை கூட்டும் கருவி இல்லாத விளிம்பையும் இருப்பதாக வரைந்துவிடும். அப்போது அது தரவுப் புனைவு.

அறிவிப்பு வரி எப்படி இருக்க வேண்டும்

எலிக் கட்டுரையின் அறிவிப்பு, சாராம்சத்தில், இவ்வளவுதான்: 'இக்கட்டுரையின் படங்கள் மிட்ஜர்னியால் உருவாக்கப்பட்டவை.' இதை வைத்துக்கொண்டு ஒரு வாசகர் எதையும் சோதிக்க முடியாது. இதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்:

'பிரிவு 2இன் மொழித் திருத்தத்துக்கு இன்ன கருவியின் இன்ன பதிப்பு, இன்ன மாதத்தில் பயன்படுத்தப்பட்டது. கருத்துகளோ மேற்கோள்களோ அதிலிருந்து எடுக்கப்படவில்லை. திருத்திய பிரதியை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டவர் முதல் ஆசிரியர். படம் 3இன் நிரல் ஏஐ எழுதியது. கையால் கணக்கிட்ட விடையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தவர் மூன்றாம் ஆசிரியர்.'

எந்தக் கருவி, எந்தப் பகுதி, எப்போது, யார், எப்படிச் சரிபார்த்தார். கடைசி இரண்டும்தான் முக்கியம். 'யார்' என்ற இடத்தில் ஒரு பெயர் எழுத வேண்டும் என்றால், அந்தப் பெயருக்குரியவர் உண்மையிலேயே பார்ப்பார். அந்த இடத்தில் ஏஐயின் பெயரை எழுத முடியாது. வெளியீட்டு நெறிக்குழுவான 'கோப்' 2023 பிப்ரவரியிலும், மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு அதே ஆண்டு மே மாதத்திலும் ஏஐயை ஆசிரியராகச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டன. பதில் சொல்லும் பொறுப்பை அது ஏற்க முடியாது என்பதே காரணம்.

இந்த வரியை எழுத, வேலை நடக்கும்போதே ஒரு பதிவேடு வேண்டும். ஐந்து நெடுவரிசைகள் கொண்ட ஒரு விரிதாள் போதும்: தேதி, கருவியும் பதிப்பும், கொடுத்த பிராம்ப்ட், வந்த விடையைச் சேமித்த கோப்பு, சரிபார்த்தவர். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து நிரப்பலாம் என்று விட்டால் நிரப்ப முடியாது. அரட்டை வரலாறு அழிந்திருக்கும், மாதிரியே மாறியிருக்கும்.

மேற்கோள்கள்: அதிகச் சேதம் இங்கேதான்

எலிப் படம் கண்ணில் பட்டது. பொய் மேற்கோள் படாது. 2023இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, 42 தலைப்புகளில் சாட்ஜிபிடி எழுதிய 84 சிறு கட்டுரைகளின் 636 மேற்கோள்களைச் சோதித்தது. ஜிபிடி-3.5 தந்தவற்றில் 55 விழுக்காடும் ஜிபிடி-4 தந்தவற்றில் 18 விழுக்காடும் புனைந்தவை. உண்மையில் இருந்த கட்டுரைகளைச் சுட்டியபோதும் முன்னதில் 43, பின்னதில் 24 விழுக்காட்டு மேற்கோள்களில் கணிசமான பிழைகள். இணையத்தில் தேடிப் பதில் தரும் இன்றைய கருவிகளில் முழுப் புனைவு குறைகிறது. ஆனால் தவறு வேறு வேடத்தில் வருகிறது.

அந்த வேடங்கள் நான்கு. முதலாவது, முற்றிலும் இல்லாத கட்டுரை. துறையில் பெயர் தெரிந்தவர், நம்பத்தக்க தலைப்பு, உண்மையான இதழ், எல்லாம் சேர்த்துக் கட்டியது. இரண்டாவது, இருக்கும் கட்டுரைக்கு வேறு ஆசிரியரோ ஆண்டோ. மூன்றாவது, கட்டுரையின் நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண் திறக்கும், ஆனால் அங்கே இருப்பது வேறு கட்டுரை. நான்காவதுதான் மோசம்: கட்டுரை உண்மை, விவரங்கள் சரி, ஆனால் நாம் சொல்வதை அது சொல்லவில்லை. முதல் மூன்றையும் இயந்திரத்தாலேயே பிடித்துவிடலாம். நான்காவதைப் பிடிக்கக் கட்டுரையைப் படித்தாக வேண்டும்.

சோதிக்கும் வரிசை இது. டிஓஐ எண்ணை டிஓஐ தளத்தில் இட்டுத் திறக்கவும். வந்த பக்கத்தின் தலைப்பு, முதல் ஆசிரியர், இதழ், ஆண்டு, தொகுதி, பக்க எண் என்று ஆறையும் பட்டியலோடு ஒப்பிடவும். எண் இல்லாவிட்டால் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டு, டிஓஐ எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் தளத்தில் தேடவும். பிறகு, நம் கட்டுரையில் எந்த வாக்கியத்துக்கு இது ஆதாரமோ, அந்தச் செய்தி மூலத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விரிதாளில் குறிக்கவும். பக்க எண் எழுத முடியாத மேற்கோளை நீக்கிவிடலாம். கடைசியாக, திரும்பப் பெறப்பட்ட கட்டுரையா என்று பார்க்கவும். திரும்பப் பெற்ற கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தை 2023 செப்டம்பரில் கிராஸ்ரெஃப் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திரும்பப் பெற்ற கட்டுரையின் டிஓஐ எண்ணும் ஒழுங்காகத்தான் திறக்கும், எலிக் கட்டுரையினுடையது உட்பட.

மேற்கோள் சரியா என்று அதே ஏஐயிடம் திருப்பிக் கேட்பதைச் சோதனை என்று எண்ணக் கூடாது. நியூயார்க்கில் 2023இல் நடந்த ஒரு விமான நிறுவன வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகள் உண்மையா என்று வழக்கறிஞர் அதனிடமே கேட்டார், உண்மை என்றது. ஒன்றுகூட இல்லாத தீர்ப்புகள் அவை. 5,000 டாலர் அபராதம்.

தரவும் நிரலும்

நேர்காணல் பதிவுகளைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று ஏஐ கொண்டு குறியிடுவது இப்போது பரவலாகிவிட்டது. 40 நேர்காணல்கள், 600 துண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் 120 துண்டுகளை இரண்டு பேர் தனித்தனியே குறியிட வேண்டும். அவர்களுக்குள் உள்ள ஒத்திசைவைக் கோஹென் கப்பா அளவால் (தற்செயலான ஒற்றுமையைக் கழித்துக் கணக்கிடுவது; 1 என்றால் முழு ஒத்திசைவு) பார்க்க வேண்டும். மனிதர்களே ஒத்துப்போகாத குறியீட்டு விளக்கப் பட்டியலை இயந்திரத்திடம் கொடுத்துப் பயனில்லை. பிறகுதான் இயந்திரத்தை மனிதரோடு ஒப்பிடுவது. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மொத்தக் கப்பா 0.75 என்று வந்தால் பலர் திருப்தியாகிவிடுகிறார்கள். குறியீடு வாரியாகப் பிரித்துப் பார்த்தால், 'போக்குவரத்து', 'கட்டணம்' போன்றவற்றில் ஏறத்தாழ முழு ஒத்திசைவும், கிண்டலாகச் சொன்ன குறைகளில் முற்றிலும் முரணும் இருக்கக்கூடும். 'ரொம்ப நல்லாப் பார்த்துக்கிட்டாங்க' என்று ஒருவர் கசப்போடு சொன்னதைப் பாராட்டு என்று இயந்திரம் குறித்திருக்கும். ஆய்வின் உயிர் அந்தக் குறியீட்டில் இருந்தால் மொத்த எண் எதையும் காப்பாற்றாது.

தேதியோடு பெயரிட்ட ஒரே ஏஐ மாதிரியின் பதிப்பையே ஆய்வு முழுதும் பயன்படுத்தவும். விடை எவ்வளவு மாறலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் 'வெப்பநிலை' அளவைச் சுழியத்தில் வைத்தாலும் ஒரே விடை வரும் என்ற உறுதி இல்லை. அதே துண்டுகளை மூன்று முறை ஓட்டி எத்தனை மாறுகின்றன என்று கட்டுரையில் சொல்லவும்.

ஏஐ எழுதிய நிரலில் ஓடாமல் நிற்கும் பிழை தொல்லையில்லை, உடனே தெரிந்துவிடும். ஓடி முடித்துத் தவறான எண் தருவதுதான் தொல்லை. 'பதில் இல்லை' என்பதற்கு இட்ட 99, வயதாகக் கணக்கில் சேர்ந்திருக்கும். இரண்டு அட்டவணைகளை இணைத்தபோது பொருந்தாத வரிசைகள் சத்தமில்லாமல் உதிர்ந்திருக்கும். ஒவ்வொரு இணைப்புக்கும் முன்னும் பின்னும் வரிசை எண்ணிக்கையை அச்சிடச் சொல்லவும். 10 வரிசை கொண்ட சிறு தரவைக் கையால் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, நிரல் அதே விடையைத் தருகிறதா என்று முதலில் பார்க்கவும்.

பங்கேற்பாளர்களின் பேச்சை வெளிக் கருவியில் ஏற்றுவதற்கு ஒப்புதல் படிவத்தில் இடம் இருந்திருக்க வேண்டும். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. பதவி, ஊர், அரிய நோய் மூன்றும் சேர்ந்தால் ஆள் அடையாளம் தெரிந்துவிடும். மதிப்பாய்வுக்கு வந்த பிறர் கட்டுரையும் அப்படித்தான், அது நம் சொத்தல்ல. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 2023 ஜூனில், நிதி விண்ணப்ப மதிப்பாய்வில் ஏஐ கருவிகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. தடை இருந்தும் இல்லாமலும் மதிப்பாய்வாளர்கள் பயன்படுத்துவது கட்டுரை ஆசிரியர்களுக்குத் தெரியும் போல: 2025 ஜூலையில், வெளியீட்டுக்கு முந்தைய சில கட்டுரைகளில் 'நல்லதாக மட்டும் மதிப்பிடு' என்று ஏஐக்கு இடும் கட்டளை, மனிதர் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் ஒளிந்திருந்தது வெளியே வந்தது.

வகுப்பறையில் அதே தவறு, தலைகீழாக

2023 மே மாதம் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் காமர்ஸ் வளாகத்தில் ஒரு பயிற்றுநர், மாணவர்களின் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியில் ஒட்டி 'இதை நீ எழுதினாயா?' என்று கேட்டார். ஆம் என்றது. ஒவ்வொரு கட்டுரையையும் இருமுறை சோதித்ததாகவும் சொன்னார். மாணவர்களின் மதிப்பெண் நிறுத்திவைக்கப்பட்டது, அதுவும் பட்டமளிப்பை ஒட்டி. மாணவர்கள் கூகுள் டாக்ஸ் திருத்த வரலாற்றைக் காட்டி வாதாட வேண்டியதாயிற்று. யாரும் தோல்வியடையவில்லை, பட்டமும் தடைபடவில்லை என்று பல்கலைக்கழகம் பின்னர் அறிவித்தது.

சாட்ஜிபிடிக்குத் தான் எழுதியவற்றின் பதிவேடு எதுவும் கைவசம் கிடையாது. கேட்ட கேள்விக்குப் பொருத்தமாக ஒலிக்கும் பதிலைத்தான் அது தரும். இருமுறை கேட்டால் இரண்டு சாட்சிகள் கிடைத்துவிடவில்லை. ஒரே பொய்ச் சாட்சி இரண்டு முறை பேசியது, அவ்வளவுதான். எலிக் கட்டுரையின் ஆசிரியர்கள் இயந்திரத்தின் படத்தைச் சரிபார்க்கவில்லை. இங்கே பயிற்றுநரே இயந்திரத்தின் தீர்ப்பைச் சரிபார்க்கவில்லை.

அதற்கென்றே செய்த கண்டறியும் கருவிகள் பரவாயில்லையா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவி, அந்நிறுவனமே சொன்னபடி, ஏஐ எழுத்தில் 26 விழுக்காட்டைப் பிடித்தது. மனித எழுத்தில் 9 விழுக்காட்டைத் தவறாகக் குற்றஞ்சாட்டியது. 500 ஒப்படைப்புகளில் 50 ஏஐ எழுதியவை என்று வைத்துக்கொள்வோம். 13 பிடிபடும், 37 தப்பும். மீதி 450 பேரில் ஏறத்தாழ 40 பேர் தவறாக மாட்டுவார்கள். சந்தேகப் பட்டியலில் 53 பெயர்கள்; அவற்றில் 40 நிரபராதிகளுடையவை. அந்தக் கருவியை அதே ஆண்டு ஜூலையில் நிறுவனமே விலக்கிக்கொண்டது. தவறு 1 விழுக்காடுதான் என்றாலும் எண்ணிக்கை சிறிதல்ல: வான்டர்பில்ட் பல்கலைக்கழகம், 2022இல் டர்னிட்டின் என்ற எழுத்துத் திருட்டுச் சோதனைச் சேவைக்கு அனுப்பிய 75,000 கட்டுரைகளைக் கொண்டு கணக்கிட்டு, சுமார் 750 பேர் தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டிருப்பார்கள் என்று சொல்லி 2023 ஆகஸ்டில் அதன் ஏஐ கண்டறியும் வசதியை அணைத்தது.

மாட்டுபவர்கள் யார் என்பதும் பரவலாக ஒரே மாதிரி இல்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் இட்டார்கள். சராசரியாக 61.3 விழுக்காடு ஏஐ எழுதியது என்று வந்தது. எளிய சொற்கள், ஊகிக்கக்கூடிய வாக்கிய அமைப்பு ஆகியவற்றையே இக்கருவிகள் இயந்திர எழுத்தின் அடையாளமாகக் கொள்கின்றன. இரண்டாம் மொழியில் கவனமாக எழுதுபவரின் நடையும் அப்படித்தான் இருக்கும். கேள்வித்தாளில் ஏஐக்கான கட்டளையை வெள்ளை எழுத்தில் மறைத்துப் பொறி வைக்கும் தந்திரமும் வேண்டாம். திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்ற மாணவருக்குத்தான் அது முதலில் கேட்கும்.

வேலை செய்வது எது? 'ஏஐ பயன்படுத்தக் கூடாது' என்ற ஒற்றை வரி செய்யாது. இலக்கணத் திருத்தி ஏஐயா? தேடுபொறியின் உச்சியில் வரும் சுருக்கம் ஏஐயா? மாணவருக்கும் தெரியாது, மேல்முறையீட்டில் உட்காரும் குழுவுக்கும் தெரியாது. விதி ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் தனியே, செயல்களின் பெயரைச் சொல்லி இருக்க வேண்டும்: 'தலைப்புத் தேடலாம், மொழி திருத்தலாம், வாதத்தின் வரைவு உங்களுடையது, மேற்கோள்கள் ஒவ்வொன்றுக்கும் பக்க எண் தரவும்.' சிட்னி பல்கலைக்கழகம் இதை இரண்டு தடங்களாகப் பிரித்தது. கண்காணிப்போடு நடக்கும் தேர்வுகள் ஒரு தடம், ஏஐ பயன்பாடு திறந்திருக்கும் பணிகள் இன்னொரு தடம். வீட்டில் எழுதும் கட்டுரையில் தடையைச் செயல்படுத்த வழியில்லை என்பதை ஒப்புக்கொண்ட பிரிவு அது.

ஆசிரியருக்கும் இதே விதி. மாணவர் கட்டுரையை ஏஐயில் ஏற்றிக் கருத்துரை வாங்கினால் மாணவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லத் தயக்கம் வந்தால் ஏற்றாமல் இருக்கலாம்.

எழுத்துப் பணிக்குப் பின் ஒரு குறு வாய்மொழித் தேர்வு வைப்பது பழைய முறை, இன்றும் அதை மிஞ்ச எதுவும் வரவில்லை. 60 பேருக்குப் 10 நிமிடம் என்றால் 10 மணி நேரம். ஒருவரால் தாங்காது என்றால் குலுக்கல் முறையில் 15 பேரை அழைக்கலாம். யார் பெயர் வரும் என்று முன்கூட்டித் தெரியாமல் இருந்தால் போதும். சந்தேகப்பட்டவர்களை மட்டும் அழைத்தால் அது விசாரணையாகிவிடும், பதற்றத்தில் நன்கு தெரிந்தவரும் தடுமாறுவார். மூன்று கேள்விகள் போதும்: இந்தப் பத்தியின் ஆதாரத்தில் ஆசிரியர் என்ன செய்தார், எதை எழுதி நீக்கினீர்கள், இந்த அனுமானத்தை மாற்றினால் முடிவு என்ன ஆகும். இரண்டாவது கேள்விக்குத் தான் பெரும்பாலும் விடை கிடைக்காது. ஏஐயிடம் வாங்கிய கட்டுரையில் நீக்கிய பகுதி என்று ஒன்று இருப்பதில்லை.